பூச்சி என்று எழுதிக்கொண்டார்கள்

ராயபுரம் கல்மண்டபத்து ஜெராக்ஸ் கடை வாசலில், மண்டையைப் பிளக்கிற வெயிலில், அன்புக்கரசி செருப்பைக் கழற்றினாள். கடைக்காரர் பயந்துவிட்டார். யாருக்கோ விழப்போகிறது என்று தெருவை இப்படியும் அப்படியும் பார்த்தார். பாவம், அவருக்குத் தெரியாது. கோபம் தலைக்கேறினால் அன்புக்கரசிக்கு வெறுங்காலில் நிற்க வேண்டும். எண்ணூர்க் கழிமுகச் சேற்றில் இறங்கிப் பாம்பு பிடித்தே பழகிய கால். தரையைத் தொட்டால்தான் நிதானம் வரும்.

அன்றைக்கு அந்த வைத்தியமும் பலிக்கவில்லை.

“இன்னா மேடம், பிரிண்டு சரியா வர்லியா?” என்று கேட்டார் கடைக்காரர்.

“பிரிண்டு சோக்காத்தான் வந்துகீது நைனா. எய்தினவன் புத்திதான் கலீஜா கீது.”

கையில் இருந்தது ஓர் அறிக்கை. எண்ணூருக்கு அந்தப் பக்கம் புதிதாக வரப்போகிற ஓர் அனல்மின் கம்பெனி, கழிமுகத்தின் சேற்றுத் திட்டை நிரவி, அதன்மேல் சாலை போட்டுச் சாம்பல் குழாய் பதிக்கப் போகிறதாம். கரியை எரித்து மிஞ்சுகிற சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே தள்ளுவார்கள். ஏற்கெனவே அங்கே கிடக்கிற குழாய்கள் ஒழுகி ஒழுகி ஆற்றுத் தண்ணீரில் பாதி சாம்பல் கஞ்சிதான். போதாதென்று இன்னொன்று. அனுமதி கேட்பதற்கு முன்னால், அந்த இடத்தில் என்னென்ன உயிர் இருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டுமல்லவா? எழுதியிருந்தார்கள், லட்சணமாக. ஊர்வன என்ற தலைப்பின் கீழே, ‘பாம்புகள் இல்லை. உள்ளூர்ப் பெண்களிடம் நேரில் விசாரித்து உறுதி செய்யப்பட்டது.’ அடுத்த தலைப்பு பூச்சியினங்கள். அதன் கீழே, ‘மிக அதிகம். நீரிலும் சேற்றிலும் ஆண்டு முழுவதும் காணப்படுவதாக அதே பெண்கள் தெரிவித்தனர்.’

படித்ததும் அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடித்த பிறகுதான் வயிறு எரிய ஆரம்பித்தது. அந்தக் கழிமுகத்துப் பெண்கள் பாம்பைப் பாம்பு என்று சொல்லவே மாட்டார்கள். பூச்சி என்பார்கள். பனையோலைப் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மார்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, கையால் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறவர்கள் அவர்கள். பேரைச் சொன்னால் கூப்பிட்ட மாதிரி, வந்து நிற்கும் என்று நம்புகிறவர்கள். சட்டை கசங்காமல் வந்த ஒருவன் ‘இங்கே பாம்பு உண்டா’ என்று கேட்டிருக்கிறான். ‘அதெல்லாம் இல்ல நைனா, பூச்சிதான் கீது, ரொம்பக் கீது’ என்று சொல்லியிருக்கிறார்கள். அவனும் பூச்சி என்று எழுதிக்கொண்டு போய்விட்டான். அவள் இத்தனை வருஷம் படித்த பாம்பை ஒரே வரியில் கொசுக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்!

அன்புக்கரசி பிறந்தது புளியந்தோப்பு அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில். அப்பா நீலமேகம் துறைமுகத்தில் கரி அள்ளியவர். குளித்துவிட்டு வந்தாலும் காது மடலில் கரி இருக்கும். அம்மா வேம்பு நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தவள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் சாக்கடையும் மழைத்தண்ணீரும் சேர்ந்துகொண்டு வீட்டுக்குள் வரும். கூடவே தண்ணீர்ப்பாம்பும் வரும். ஒரு மழையில் அப்படி வந்த ஒன்றை ஆண்பிள்ளைகள் கூடிக் கட்டையால் நசுக்கிப் போட்டுவிட்டு, ஏதோ கோட்டையைப் பிடித்து வந்தவர்கள் மாதிரி டீ குடித்தார்கள். ஆறாவது படிக்கிற அன்புக்கரசி கிட்டே போய்ப் பார்த்தாள்.

“அது இன்னா பண்ணிச்சி?” என்று கேட்டாள்.

“பாம்பும்மா அது.”

“தெரியுது. இன்னா பண்ணிச்சி?”

கடிபட்டவர் யாருமில்லை, அடிபட்டது மட்டும் கிடந்தது. கேள்விக்குப் பதில் சொல்லாதவர்கள்மேல் அவளுக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்றுவரை இறங்கவில்லை. செத்ததைப் பள்ளிக்கூடத்து டீச்சரிடம் காட்டிக் கேட்கலாம் என்று டிபன் பாக்ஸில் போட்டு மூடி வைத்தாள். காலையில் சோறு கட்ட வேம்பு மூடியைத் திறந்தாள். அந்த அலறலுக்கு மேல்மாடிக்காரர்கள் அத்தனை பேரும் இறங்கி வந்துவிட்டார்கள். “அடிப்பாவி! துன்ற டப்பாவுல இன்னாடி இது!” என்று முதுகில் ரெண்டு வைத்தாள் வேம்பு. டப்பாவைத் தூக்கிப் போட்டாள். பெண்ணைப் படிக்க வேண்டாம் என்று மட்டும் கடைசிவரை சொல்லவில்லை.

படித்தாள். விலங்கியலில் டாக்டர் பட்டம்வரை படித்தாள். பாம்பு விஞ்ஞானி என்றால் மலைக்காட்டுக்குப் போய் ராஜநாகத்தைத் தேடுகிறவர்களுக்குத்தான் உலகத்தில் மரியாதை. படமும் அவர்களுக்குத்தான் போடுவார்கள். இவள் எடுத்துக்கொண்டது வீட்டிலிருந்து பஸ் ஏறிப் போகிற தூரத்தில் இருக்கும் எண்ணூர்ச் சேற்றுத் திட்டின் பாம்பை. நாய் மூஞ்சி மாதிரி மூஞ்சி அதற்கு. கண் இரண்டும் தலைக்கு மேலே இருக்கும், உடம்பு முழுக்கச் சேற்று நிறம். உப்புத்தண்ணீரில் வாழும், உளுவை மீனைப் பிடித்துத் தின்னும், முட்டையிடாமல் குட்டி போடும். பின்பல்லில் கொஞ்சம் விஷம் உண்டு, அது மீனை மயக்கத்தான் போதும். மனிதரைக் கடித்தால் கையைக் கழுவிவிட்டு வேலையைப் பார்க்கலாம். அன்புக்கரசி எத்தனையோ தடவை கழுவியிருக்கிறாள்.

பட்டம் வாங்கிய கையோடு ஒரு கல்லூரியில் நிரந்தர வேலைக்கு நேர்காணலுக்குப் போனாள். கோட்டுப் போட்ட மூன்று பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆய்வைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது. நடுவில் இருந்தவர் அவள் முகவரியைப் படித்துவிட்டுச் சிரித்தபடி கேட்டார், “உங்க வீட்ல யாராவது பாம்பாட்டியா?”

“இல்ல சார். எங்க நைனா கரி அள்றவரு. உங்க வூட்டு ஃபேன் சுத்துது பாருங்க, அதுக்கு” என்றாள் அன்புக்கரசி.

வேலை கிடைக்கவில்லை. கிடைக்குமா? இன்னொரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர் என்று சேர்ந்து, வருஷா வருஷம் அந்தத் தற்காலிகத்தைப் புதுப்பித்துக்கொண்டு, மிச்ச நேரமெல்லாம் சேற்றில் இறங்கினாள். சொந்தக் காசில் பஸ், சொந்தக் காசில் படகு. பல்லை இளித்து எவரிடமும் போய் நிற்கவில்லை.

ராயபுரத்தில் வீடு தேடிய கதையையும் சொல்ல வேண்டும். மொத்தக் கடை வைத்திருந்த ஜெபசிங், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர், மாடியைக் காட்டினார். பாம்பு ஆராய்ச்சி என்றதும் வாய்விட்டுச் சிரித்தார். “ஏ அம்மா, நல்ல வேலைதான் பாக்கீய” என்றார். சொந்த ஊர் எது என்று அடுத்துக் கேட்டார். புளியந்தோப்பு என்றதும் சிரிப்பு எங்கே போனதோ தெரியவில்லை. பாம்புக்குப் பயப்படாத மனிதருக்குப் புளியந்தோப்புக்குப் பயம். “வீட்ட இன்னொருத்தருக்குச் சொல்லிட்டம்லா” என்று இழுத்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி தேவகிருபை வந்தாள். “எனக்குத் தெரியாம யாருக்குச் சொன்னிய?” என்று கேட்டுவிட்டு, அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் சாவியை அன்புக்கரசி கையில் கொடுத்தாள். இன்றைக்கும் அன்புக்கரசி அங்கேதான் இருக்கிறாள். ஜெபசிங் இப்போது எதிரில் பார்த்தால் வணக்கம் வைக்கிறார், தேவகிருபைக்குப் பயந்து.

கழிமுகத்துப் பெண்களுக்கு அவள் பூச்சிக்காரம்மா. டாக்டர் என்று கேள்விப்பட்ட புதிதில், காய்ச்சல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி ஓடி வந்தாள். மனிதருக்கு வைத்தியம் தெரியாத டாக்டர் என்ன டாக்டர் என்று திட்டிவிட்டும் போனாள். அங்கே அவளுக்கு நெருக்கம் மங்கை. அன்புக்கரசியைவிடக் கொஞ்சம் மூத்தவள், புகையிலைப் பல், யாருக்கும் அஞ்சாத வாய். வற்றத்தில் தண்ணீர் இறங்கியதும் மங்கை ஒரு பக்கம் இறால் தடவுவாள், அன்புக்கரசி இன்னொரு பக்கம் பொந்துகளில் கைவிட்டுப் பாம்பு எடுப்பாள். துணிப்பையில் போட்டு நிறுப்பாள், நீளம் அளப்பாள், வயிற்றுச் செதிலின் ஓரத்தைச் சிறு கத்தரியால் நறுக்கி அடையாளம் வைப்பாள், எடுத்த பொந்திலேயே விடுவாள். அடுத்த வருஷம் அதே பாம்பு அதே பொந்தில் அகப்படும்போது, ஊரிலிருந்து தங்கச்சி வந்த மாதிரி முகம் மலர்ந்துவிடும் அவளுக்கு.

ஆனால் கொஞ்ச காலமாகப் பாம்புகள் சரியில்லை. பாம்பு சட்டை உரித்தால் முழுசாகக் கழன்று வர வேண்டும். இவற்றுக்குக் கழலவில்லை. சாம்பல் ஏறிய பழைய தோல் செதிலோடு செதிலாக ஒட்டிக் கிடந்தது. அடிவயிற்றில் கொப்புளங்கள். அதை அன்புக்கரசி குறித்துக்கொண்டிருந்தபோது, மங்கை தன் கையை நீட்டினாள்.

“அதுக்குத் தோலு உரிய மாட்டேங்குது. எனக்குப் பாரு, உரிஞ்சிக்கினே கீது” என்றாள். விரல் நுனிகள் வழுவழுவென்று இருந்தன. “ரேஷன் கடையில கட்ட வெரல வெச்சா மிஷினு ஆளே இல்லன்னு சொல்லுது. வெச்சு வெச்சுப் பாக்கறான், வர்ல. பருப்புக்கு நான் எங்க போவ?”

அந்தத் திட்டைத்தான் இப்போது மூடப் போகிறார்கள், அங்கே பூச்சியைத் தவிர ஒன்றுமில்லை என்று எழுதி.

ஜெராக்ஸ் கடை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டதும் அன்புக்கரசி முதலில் செய்த வேலை, கம்பெனிக்காக அறிக்கை எழுதிக் கொடுத்த நிறுவனத்துக்குப் போன் போட்டது. விமல் என்று ஒரு அதிகாரி பேசினான். தேனாகப் பேசினான். தெரியாமல் செய்த தப்பாகத்தான் இருக்கும் என்று அவளும் பொறுமையாக எடுத்துச் சொன்னாள்: தம்பி, பூச்சி என்றால் அங்கே பாம்பு; என் ஆய்வுக் கட்டுரைகள் இருக்கின்றன, அனுப்புகிறேன்.

“அப்படியா மேடம்! ரொம்ப இன்ட்ரஸ்டிங்கா இருக்கே. கண்டிப்பா அனுப்புங்க, பாக்கறேன்” என்றான் விமல்.

அனுப்பினாள். ஒரு வரி மாறவில்லை. மறுபடி போன் போட்டால் எடுக்கவில்லை. தெரியாமல் செய்தவனுக்குத் தெரிவித்தால் திருத்துவான். தெரிந்தும் விட்டு வைக்கிறவனை என்ன பேர் சொல்லித் திட்டுவது? அன்புக்கரசிக்குப் புளியந்தோப்பில் கற்றுக்கொண்ட பேர்கள் நிறையத் தெரியும். அத்தனையும் அன்றைக்குச் சொன்னாள், எடுக்காத போனிடம்.

மிச்சமிருந்தது கருத்துக் கேட்புக் கூட்டம். ஊர்க்காரர்கள் அதில் சொல்வது பதிவாகும் என்று சட்டம். அவள் நேராகக் கழிமுகத்துக்குப் போனாள். மங்கை கரையில் குந்தி இறாலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“யக்கா, ஒருத்தன் வந்து கேட்டானே, பூச்சின்னா இன்னான்னு அவனுக்குச் சொன்னியா?”

“இன்னாத்துக்குச் சொல்லணும்? நீ வந்தப்ப உனக்குச் சொல்லிக்கினா இருந்தேன்?”

“நான் இந்தாண்ட பக்கத்துக்காரி. அவன் எங்கேர்ந்தோ வந்தவன்.”

“அப்ப வந்தவன்தான் கேக்கணும். இன்னா பூச்சி, எத்தினி காலு, ரெக்க கீதான்னு கேக்கணும். கேட்டானா அந்தக் கஸ்மாலம்? கொடைக்குக் கீய நின்னுக்கினு எய்திக்கினு பூட்டான்.”

மங்கை சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அன்புக்கரசி அவள் பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். கூட்டத்தில் யாராவது ஒருத்தி எழுந்து, பூச்சி என்றால் பாம்பு என்று அந்த வார்த்தையை வாயால் சொல்ல வேண்டும்.

மங்கையின் கை நின்றுவிட்டது. “அத்த மட்டும் கேக்காத” என்றாள். “பேரு சொன்னவ அமாசை தாண்டற வரிக்கும் தண்ணியில கால் வெக்கக் கூடாது. என் அடுப்பு எப்டி எரியும்? நீ படிச்சவ, நீயே சொல்லேன்.”

“சொல்லுவேன். என் பேச்ச எடுத்துக்கலன்னா? அந்தத் திட்டு பூட்டா எந்த அமாசைக்கும் நீ கால் வெக்க முடியாதுக்கா.”

மங்கை இறாலை அள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அன்புக்கரசிக்கு அவள்மேலும் கோபம் வந்தது. பேரைச் சொல்லாததால் ஓர் ஆறே போகப் போகிறது, இவள் அமாவாசை பார்க்கிறாள் என்று பஸ்ஸில் புலம்பிக்கொண்டே வந்தாள். ராயபுரம் வந்து இறங்கும்போது, அடுப்பு எரிய வேண்டியவள் வேறு என்ன பார்ப்பாள் என்றும் தோன்றியது. தோன்றினாலும் கோபம் போகவில்லை.

கூட்டம் ஒரு கலியாண மண்டபத்தில் நடந்தது. வாசலில் வாழைமரம் கட்டாத குறை. வேன்களில் எங்கிருந்தோ ஆட்களைக் கொண்டுவந்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். சாலை வரட்டும், வேலை வரட்டும் என்று அவர்கள் எழுந்து எழுந்து சொன்னார்கள், பிரியாணி வாசனை பின்பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. கழிமுகத்துப் பெண்கள் கடைசி வரிசைக்கும் பின்னால் நின்றார்கள். மேடையில் கூட்டத்தை நடத்த வந்த அரசாங்க அதிகாரி, அவர் பக்கத்தில் விமல். படம் போட்டுக் காட்டினான். பச்சை நிறத்தில் சாலை, அதன் ஓரத்தில் மரங்கள், மரத்தடியில் குடும்பத்தோடு சிரிக்கிற வெள்ளைச் சட்டைக்காரர்கள். சேறு என்று ஒரு சொட்டு அந்தப் படத்தில் இல்லை.

அன்புக்கரசி ஒலிபெருக்கியைப் பிடித்தாள். பாம்பு என்று ஆரம்பித்து இரண்டு வாக்கியம் பேசியிருப்பாள். அதிகாரி குறுக்கிட்டார்.

“நீங்க எந்த ஊரும்மா?”

“ராயபுரம்.”

“திட்டப் பகுதியில குடியிருக்கிறவங்க பேசட்டும். நீங்க எழுத்துல கொடுங்க.”

“எய்தித்தான் சார் குடுத்தேன். அவுரு படிக்க மாட்டேங்கறாரு.”

விமல் புன்னகை மாறாமல் எழுந்தான். “சார், நாங்க எதையும் கற்பனையா எழுதலை. பாம்பு இல்லைன்னு சொன்னவங்க இந்த ஊர்ப் பெண்கள்தான். அவங்களுக்குத் தெரியாததா மேடத்துக்குத் தெரிஞ்சிடப் போகுது?”

பார்த்தீர்களா அநியாயத்தை! அந்தப் பெண்களின் வாயைக் கொண்டே அந்தப் பெண்களின் வாயை அடைத்தான். ஒலிபெருக்கியை யாரோ அன்புக்கரசி கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். அவள் செருப்பைக் கழற்றினாள். போலீஸ்காரர் ஒருவர் கிட்டே வந்து நின்றார்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். ஒலிபெருக்கி தேவைப்படாத குரல்.

“நைனா, நான்தான் சொன்னேன் பூச்சின்னு. இப்ப சொல்றேன் கேட்டுக்கோ. பாம்பு!”

மண்டபம் திரும்பிப் பார்த்தது. மங்கை நடுவழியில் நடந்து வந்தாள். அவளுக்குப் பின்னால் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“பாம்பு, பாம்பு, பாம்பு. போதுமா? நாங்க பூச்சின்னு சொன்னதெல்லாம் பாம்பு. ரொம்பக் கீது. எய்திக்கோ!”

அன்புக்கரசிக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. என்ன விலை கொடுத்து அந்த வார்த்தையைச் சொன்னாள் என்று அந்த மண்டபத்தில் வெளியாள் எவனுக்குத் தெரியும்? விமலுக்கு ஒரு கணம் முகம் வெளுத்தது. ஒரு கணம்தான். கெட்டிக்காரன் அவன்.

“சார், இது ரொம்ப முக்கியமான தகவல்” என்றான் அதிகாரியிடம். “பாம்புகளுக்கு நடுவுல இந்தப் பெண்கள் தினமும் உயிரைப் பணயம் வச்சு வேலை செய்யறாங்க. திட்டை மூடினா இவங்களுக்குத்தான் பாதுகாப்பு.”

அதிகாரி தலையை ஆட்டி ஆட்டிக் குறித்துக்கொண்டார். பாம்பு இல்லை என்றால் மூடலாம். பாம்பு இருந்தால் மூடியே ஆக வேண்டும். அன்புக்கரசி போலீஸ்காரரைத் தள்ளிக்கொண்டு போய் ஒலிபெருக்கியைப் பிடுங்கினாள். ஆறாம் வகுப்பில் கேட்ட அதே கேள்விதான் அவள் வாயில் வந்தது.

“அது இன்னா பண்ணிச்சி? சொல்லுங்கம்மா! பூச்சி கடிச்சி நம்மள்ல யாருனா செத்துகீறாங்களா? செத்துகீறாங்கன்னா கை தூக்குங்க!”

ஒரு கைகூட எழவில்லை.

“சாம்பத் தண்ணியில கை வெந்து, தோலு உரிஞ்சி, ரேஷன் மிஷின்ல ரேக பதியாதவங்க கை தூக்குங்க!”

பின்வரிசை முழுக்க எழுந்தது. புண்ணும் வெடிப்புமாக, விரல் நுனி வெளுத்துப்போன கைகள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு கையைத் தூக்கினாள். பிரியாணிக்கு வந்தவர்கள்கூடத் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள். அதிகாரி பார்த்தார், விமல் பார்த்தான், கம்பெனிக்காரரின் கேமராவும் படம் எடுத்தது. ஜெயித்துவிட்டோம் என்று அன்புக்கரசி நம்பினாள். இத்தனை அடி வாங்கியும் எப்படித்தான் நம்பினாளோ!

கூட்டத்தின் பதிவு வெளியானது. அதே ஜெராக்ஸ் கடையில்தான் அச்செடுத்தாள். மங்கையின் வார்த்தை அதில் இருந்தது, சரியாகவே இருந்தது: ‘பாம்புகள் மிக அதிகம் என உள்ளூர்ப் பெண் ஒருவர் தெரிவித்தார்.’ அதற்கு அடுத்த வரி: ‘பாம்பு அபாயத்திலிருந்து பாதுகாப்பளிக்கும் இத்திட்டத்துக்கு, கூட்டத்தில் கலந்துகொண்ட பெண்கள் தங்கள் கைகளை உயர்த்தி ஆதரவு தெரிவித்தனர்.’ சாட்சிக்குப் புகைப்படமும் இணைத்திருந்தார்கள். தூக்கிய கைகள். அவ்வளவு தூரத்திலிருந்து எடுத்த படத்தில் புண் தெரியவில்லை.

கழிமுகக் கரைக்கு அன்புக்கரசி அதைக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினாள். எதிர்க்கரையில் குழாய்களை இறக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அமாவாசை இன்னும் வரவில்லை. மங்கை தண்ணீரில் இறங்காமல் கரையில் அடுத்தவர்களின் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள்.

“நான்தான்க்கா கெடுத்தேன். கை தூக்கச் சொன்னவ நான்தானே” என்று தலையில் அடித்துக்கொண்டாள் அன்புக்கரசி.

“த்தூ, கைய எடு” என்றாள் மங்கை. “நீ கேட்டது எங்களுக்குப் புரிஞ்சுது. அவனுக்கும் புரிஞ்சுது. புரிஞ்சிக்கினு மாத்தி எய்தறவன் கையில புண்ணு வர்ல, நீ இன்னாத்துக்கு உன் தலையில அடிச்சிக்கிற? பேசாத. அடுத்து எங்க போவணும், அத்தச் சொல்லு.”

அடுத்தது கோர்ட்டு. ஒரு வக்கீல் அம்மாள் பணம் கேட்காமல் மனு எழுதிக் கொடுத்தார். திட்டை மூடத் தடை கேட்டு மனு. பாம்பின் செதிலில் கண்டதும் பெண்களின் கையில் கண்டதும் அதில் விவரமாக இருந்தன. கை தூக்கிய பெண்கள் ஒவ்வொருத்தியும் மனுவில் தனித்தனியாகக் கட்டைவிரல் ரேகை உருட்ட வேண்டும். உருட்டினார்கள். எல்லாரும் எண்ணூரிலிருந்து பஸ் பிடித்து, மனு வாங்குகிற இடத்துக்கு வந்து, வரிசையில் நின்றார்கள். மீன்வாசனை அடிக்கிறது என்று வெள்ளைக்காரன் காலத்து வராந்தாவில் ஒரு கறுப்புக் கோட்டு மூக்கைப் பிடித்தது. மங்கை அவரைப் பார்த்த பார்வையில் மூக்கை விட்டுவிட்டார்.

குமாஸ்தா காகிதங்களைப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி புரட்டினார்.

“என்னம்மா இது, எல்லாம் மையை அப்பின மாதிரி இருக்கு. ஒண்ணுலகூட ரேகை இல்லையே. இப்படிக் கொண்டாந்தா எப்படி எடுத்துக்கறது? நல்லா விரலைத் துடைச்சிட்டு மறுபடி வச்சிட்டு வாங்க.”

மங்கை தன் கட்டைவிரலை அவர் கண்ணாடிக்கு நேரே நீட்டினாள். பின்னால் நின்றவர்களும் நீட்டினார்கள். இந்தத் தடவை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. குமாஸ்தா அந்த விரலைப் பார்த்தார், அடுத்த விரலைப் பார்த்தார்.

அன்புக்கரசி செருப்பைக் கழற்றினாள்.

“தொடைச்சாலும் வராது சார். அதுதான் எங்க மனுவே. ரேக இல்லன்னு எய்துங்க. இந்த ஒரு வாட்டியாச்சும் பாத்தத பாத்தபடி எய்துங்க.”

குமாஸ்தா பேனாவை எடுத்தார். அவர் எழுதி முடிக்கும்வரை அன்புக்கரசி மேசைமேல் எட்டிக் குனிந்து ஒவ்வோர் எழுத்தாக வாசித்தாள். அதற்குப் பிறகுதான் செருப்பை மாட்டினாள்.